ஊகம் கதையைக் கொல்வதில்லை

கற்பனை உலக வீடியோ கேம் ஒன்றின் அடுத்த பாகம் வரப்போகிறது என்றதும் ரசிகர்கள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இதில் யார் சாகப்போகிறார்கள் என்பதுதான். முன்னோட்டத்தில் கணநேரம் வந்துபோகும் முகம், சுவரோவியம், ஒரு பாத்திரம் பதில் சொல்லாமல் நழுவிய இடம் என எதையும் விடாமல் அலசி முடிவைக் கணிக்கிறார்கள். இந்தப் பழக்கத்தின் மீது நான்கு குற்றச்சாட்டுகள் நிலைபெற்றிருக்கின்றன. முன்பே கணிக்கப்பட்ட திருப்பம் தோற்றுப்போன திருப்பம். எதிர்பார்த்த மரணம் யாரையும் உலுக்காது. பெரும்பாலான ஊகங்கள் பொய்த்துப்போவதால் அது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப்போடும் வீண்வேலை. ரசிகர்களை முந்துவதற்காகவே எழுத்தாளர்கள் கதையைத் திரிக்க நேர்கிறது. ‘காட் ஆஃப் வார்’, ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ ஆகிய இரண்டு தொடர்களை வைத்து இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இரண்டின் முக்கிய முடிவுகளும் இங்கே பேசப்படும். விளையாடக் காத்திருப்பவர்கள் பிறகு வாசிக்கலாம்.

முதலில், கணிக்கப்பட்ட திருப்பம் தோற்றது என்ற வாதம். 2022 நவம்பரில் வந்த ‘காட் ஆஃப் வார் ரக்னரோக்’ கேமில், இறந்துவிட்டதாக நம்பப்பட்ட டீர் என்ற போர்க்கடவுளை நாயகன் க்ராடோஸும் அவன் மகன் அட்ரியஸும் சிறையிலிருந்து மீட்கிறார்கள். மீட்கப்பட்டவன் போரே வேண்டாம் என்று ஒதுங்கி, அவர்கள் தங்கியிருக்கும் வீட்டிலேயே தங்குகிறான். உண்மையில் அவன் டீர் அல்ல. உருமாறி வந்த எதிரி ஓடின். இதைச் சந்தேகித்த ரசிகர்கள் உண்டு. கேமுக்குள்ளேயே அவனைச் சந்தேகித்து, குறுக்குக் கேள்வி கேட்பவன் ப்ரோக் என்ற கொல்லன். அதற்காகவே அவன் குத்திக் கொல்லப்படுகிறான். எதையும் ஊகிக்காதவருக்கு அந்தக் காட்சி அதிர்ச்சி. ஊகித்திருந்தவருக்கோ அது பதைபதைப்பு. ப்ரோக் ஒவ்வொரு கேள்வியாக அடுக்க அடுக்க, ‘போதும், நிறுத்து’ என்று மனம் அடித்துக்கொள்ளும். இரண்டாவது அனுபவம் முதலாவதைவிடக் குறைந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஊகிக்க இடம் கொடுத்த திருப்பம் என்றால், அதற்கான தடயங்களை எழுத்தாளர் நேர்மையாக விதைத்திருக்கிறார் என்று பொருள். யாராலும் கணிக்கவே முடியாத திருப்பத்தைப் படைப்பது எளிது. காரணமே இல்லாமல் எதையாவது நடக்கவிட்டால் போதும்.

எதிர்பார்த்த மரணம் உலுக்காது என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. இதற்கு 2007இல் வந்த ‘கிரைசிஸ் கோர்’ ஒன்றே தக்க பதில். 1997இல் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ கதையிலேயே இறந்துபோனவனாக வரும் ஜாக் என்ற வீரனை நாயகனாக்கி, முந்தைய காலத்தைச் சொல்லும் கேம் அது. மூலக்கதையை அறிந்து வந்தவர்களுக்கு அவன் முடிவில் ஊகிக்க ஒன்றுமில்லை. முதல் நிமிடத்திலிருந்தே அது தெரியும். ஆனாலும் அந்தத் தொடரின் மிக நெகிழ்ச்சியான முடிவுகளில் ஒன்றாக ரசிகர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். காரணம், அந்த மரணம் விளையாட்டின் இயக்கத்தோடு பின்னப்பட்டிருப்பது. சண்டைகளின்போது திரையோரத்தில் சுழலும் சக்கரங்களில் ஜாக் பழகியவர்களின் முகங்கள் வந்துகொண்டிருக்கும். கடைசிப் போரில் அந்தச் சக்கரங்கள் தடுமாறுகின்றன. முகங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. தோற்பது உறுதி என்று தெரிந்தே விளையாடுபவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார். என்ன நடக்கும் என்பது தெரிந்திருந்ததால்தான், எப்படி நடக்கிறது என்பதில் முழு மனமும் குவிகிறது. அமெரிக்காவின் சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்விலும், 12 சிறுகதைகளை வாசித்தவர்களில் முடிவு முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் சராசரியாக அதிகம் ரசித்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறான முடிவைத் தந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முடிவு தெரிந்தால் ரசனை செத்துவிடும் என்பது நிறுவப்பட்ட உண்மை அல்ல என்பது மட்டும் தெளிவு.

பொய்த்துப்போன ஊகங்கள் வீண் என்பது மூன்றாவது. 1997 கேமில் முதல் குறுவட்டின் இறுதியில் எதிரி செஃபிரோத்தின் வாள், நாயகன் க்ளவுடின் தோழி ஏரித்தைக் கொன்றது. அவளை உயிர்ப்பிக்க ஏதோ ரகசிய வழி உண்டு என்ற வதந்தி நெடுங்காலம் உலவியது. அப்படி ஒரு வழியும் இல்லை. ஆனால் அந்தத் தேடல் மூடத்தனம் அல்ல; தன் குழுவில் சேர்த்து, பல மணிநேரம் கூடவே வளர்த்த பாத்திரம் பறிபோனதை ஏற்க மறுத்த துக்கத்தின் வடிவம் அது. க்ராடோஸ் பற்றிய ஊகம் இன்னும் வலுவான சான்று. 2018ஆம் ஆண்டு ‘காட் ஆஃப் வார்’ கேமின் முடிவில், மகனின் கைகளில் தந்தை உயிரற்றுக் கிடப்பது போன்ற ஓவியத்தை க்ராடோஸ் பார்க்கிறான்; மகனிடம் சொல்லவில்லை. அடுத்த பாகத்தில் க்ராடோஸ் சாவது உறுதி என்று ரசிகர்கள் நான்கு ஆண்டுகள் பேசினார்கள். அவன் சாகவில்லை. ஆனாலும் அந்த ஊகம் இல்லாவிட்டால் ‘ரக்னரோக்’ பாதி வலுவை இழந்திருக்கும். அந்த முன்னறிவிப்பை மகனும் பின்னர் அறிகிறான். தந்தை இறந்துவிடுவாரோ என்ற அவனுடைய அச்சமும் விளையாடுபவரின் அச்சமும் ஒன்றாகின்றன. விதியை நெய்யும் மூன்று சகோதரிகள் க்ராடோஸிடம் சொல்வதன் சாரம் இது: விதி என்று ஒன்றில்லை, நீங்கள் எடுக்கும் முடிவுகள் எளிதில் கணிக்கக்கூடியவையாக இருக்கின்றன, அவ்வளவே. ஊகிப்பவர் செய்வதும் அதுவே: ஒருவரின் இயல்பைப் படித்து, அவர் போகும் திசையைச் சொல்கிறார். இறுதியில் எதிரியாக நின்ற தோரைக் கொல்லும் வாய்ப்பு கையில் இருந்தும் க்ராடோஸ் கொல்லாமல் விடுகிறான். அவன் மாறிவிட்டான் என்பது அவனைப் பற்றிய நம் கணிப்பு பொய்க்கும்போதுதான் நமக்கு முழுமையாக உறைக்கிறது.

நான்காவது குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2024இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீபர்த்’ அதே ஏரித்தின் மரணத்தைத் திரும்பச் சொல்கிறது. எல்லோருக்கும் தெரிந்த மரணம் என்பதால், க்ளவுட் வாளைத் தட்டிவிட்டதுபோல் ஒரு காட்சியும் இரத்தம் படிந்த இன்னொரு காட்சியும் மாறிமாறித் தெரியும்படி அதை அமைத்தார்கள். அவள் இறந்தாளா, பிழைத்தாளா என்ற குழப்பத்தில், அழ வேண்டிய இடத்தில் பலர் புதிர் விடுவிக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் இந்தக் குறை ஊகித்தவர்களுடையது அல்ல. தெரிந்த முடிவு ஈர்க்காது என்ற அச்சத்துக்குப் படைப்பு இடம்கொடுத்ததன் விளைவு அது. ‘கிரைசிஸ் கோர்’ அந்த அச்சத்துக்கு ஆட்படவில்லை, அதனால் வென்றது. ரசிகர் கண்டுபிடித்துவிட்டார் என்பதற்காக, விதைத்த தடயங்களைப் பாதியில் கைவிடும் எழுத்தாளர், கவனமாக வாசித்தவருக்கே துரோகம் செய்கிறார்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. வெளியாகாத கேமிலிருந்து திருடப்பட்ட காட்சிகளைப் பரப்புவதும், விளையாடி முடித்தவர் முடிவை மற்றவர் மீது திணிப்பதும் ஊகம் அல்ல. அவை அடுத்தவரின் அனுபவத்தைப் பறிப்பவை, கண்டிக்கத்தக்கவை. தன் ஊகம் பலிக்கவில்லை என்பதற்காக எழுத்தாளரையோ நடிகரையோ வசைபாடுவதும் அப்படியே. ஊகம் படைப்புக்குள் இருப்பதிலிருந்து கிளம்பி, படைப்பு சொல்லும் விடையை ஏற்றுக்கொள்வது. அந்த எல்லைக்குள் நின்று தாராளமாக ஊகியுங்கள். அதற்கே குலைந்துபோகும் கதை, ஒருமுறை விளையாடி முடித்ததும் குலைந்துபோகும் கதைதான்.