எக்ஸ் கார்டும் மாதொருபாகனும்

மொதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டேபிள்டாப் ஆர்.பி.ஜி.ன்னா நாலஞ்சு பேர் மேசையைச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு பாத்திரமா மாறி, பேசியே கதையை நகர்த்துற ஆட்டம். 1974ல வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் ஆரம்பம். கேம் மாஸ்டர்னு ஒருத்தர் கதையைச் சொல்லுவார். இக்கட்டான எடத்துல பகடை உருட்டணும்.

இதுல எக்ஸ் கார்டுன்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் 2013ல எழுதி வெச்சது. ஒரு அட்டையில பெருக்கல் குறி போட்டு மேசை நடுவுல வெச்சுக்கணும். கதை போற போக்கு தாங்கலைன்னா யார் வேணா அதைத் தொடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த எடத்தை வெட்டிட்டு மேல போகணும். அவ்வளவுதான்.

இதுக்குத்தான் எங்க கோயமுத்தூர் நண்பர்கள் சிலர் குதிக்கறாங்க. "இது சென்சார்ங்க. பெருமாள்முருகனுக்குச் செஞ்சதை எங்களுக்கும் செய்யப் பாக்கறீங்க"ன்னு.

கேக்க ஜோராத்தான் இருக்கு. சரி, அதையே எடுத்துக்குவோம். மாதொருபாகன் 2010ல வந்துச்சு. 2014 கடைசியில திருச்செங்கோட்டுல எதிர்ப்பு கிளம்புச்சு. 2015 ஜனவரியில 'எழுத்தாளன் செத்துட்டான்'னு அவரே அறிவிச்சார். 2016 ஜூலை 5ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. சாரம் என்ன? புடிக்கலைன்னா புஸ்தகத்தைத் தூக்கிப் போடு, அவரை எழுத விடு.

அதாவது, மூடி வைக்கற உரிமை வாசகன் கையில இருக்கு, அப்பறம் எதுக்குத் தடைங்கறதுதான் வாதமே. ஆட்டத்துல மூடறதுக்குப் புஸ்தகம் எங்கீங்க இருக்கு? ஆடறவங்களே அதுக்குள்ளதான உக்காந்திருக்காங்க!

ஒரு ஆட்டத்துல நடந்ததைச் சொல்றேன். கதைக்களம் நம்ம பக்கமே. சாதி மாறிக் கட்டிக்கிட்ட ஒரு ஜோடி. 'யதார்த்தம்' வேணும்னு கேம் மாஸ்டர் பட்டப்பகல், பஸ் ஸ்டாண்டு, பைக், அரிவாள்னு அடுக்கறார். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை சங்கர் கொலை அப்படியே. அந்தப் பொண்டாட்டி பாத்திரத்தை ஆடுனவங்க நெசத்துலயும் வீட்டை எதிர்த்துக் கட்டிக்கிட்டவங்க. புருஷன் பொழைச்சானான்னு அவங்களே பகடை உருட்டணுமாம். உருட்டுனாங்க. அப்பறம் அந்தப் பக்கமே வரலை. "எந்திரிச்சுப் போயிருக்கலாமே"ங்கறாங்க நம்மாளுங்க. போலாம்தான். ஏன் போறேன்னு அத்தனை பேருக்கும் யார் பதில் சொல்றது?

ஆணவக்கொலையைப் பத்தி ஆடவே கூடாதுங்கறேனா? இல்லீங்க, நல்லா ஆடுங்க. ரான் எட்வர்ட்ஸ் 2003லயே வழி சொல்லியிருக்கார். எது கதையில வரவே கூடாது, எது திரைக்குப் பின்னாடி நடந்தாப் போதும்னு முன்கூட்டியே பேசிக்கணும். அரை மணி நேர வேலை. அது முடிஞ்சா மிச்ச இருட்டுல தைரியமாப் பூந்து விளையாடலாம்.

"தோக்கற நேரமாப் பாத்து அட்டையைத் தொட்டா?"ன்னு ஒரு கேள்வி வரும். அப்படித் தொடறவரை அடுத்த வாரம் கூப்பிடாதீங்க.