மஹர் பாக்கியிருக்க மணிக்கட்டுக்குப் பரிசா?

 

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாக வண்டலூர் செல்லும் சாலையில், ஃபஜ்ருத் தொழுகை முடிந்து நாம் வெளியே வரும் வேளையிலேயே தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. கார், லாரி, டயர், கைபேசி என இவ்வட்டாரத்தில் உருவாகும் பொருள்களில் நம் பிள்ளைகளின் வியர்வையும் கலந்திருக்கிறது. ஹலாலான வியர்வை, அதில் நமக்குப் பெருமையே. மாதம் பிறந்ததும் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. பின்னாலேயே கடன் அட்டை விற்பவரின் அழைப்பும் வந்துவிடுகிறது.

புதிதாக மணமுடித்த இளைஞர்கள் அண்மைக் காலமாக நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், கல்யாண நாள் வருகிறது. மனைவிக்கு நல்ல கம்பெனி வாட்ச் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். விலைதான் கொஞ்சம் அதிகம். வீண்விரயம் ஆகிவிடுமா?"

மனைவிக்குப் பரிசளிப்பதில் மார்க்கம் கஞ்சத்தனம் கற்பிக்கவில்லை. அன்பளிப்புகளைப் பரிமாறிக்கொண்டால் நேசம் வளரும் என்பது நபிவழி. மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் நற்கூலி உண்டென்று ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. எனவே நாம் பரிசுக்கு எதிரியல்லர். ஆனால் இந்தக் கேள்வி தொடங்கவேண்டிய இடத்தில் தொடங்கவில்லை. ஆகவே நாம் ஒன்றைத் திருப்பிக் கேட்பதுண்டு: "தம்பி, மஹர் கொடுத்தாகிவிட்டதா?"

பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில். சிலர், "அது தப்தரில் எழுதியிருக்கிறது, ஹஜ்ரத்" என்பர். ஆம், எழுதியிருக்கிறது, பாக்கி என்று!

நாம் எதிர்ப்பது இதைத்தான். மஹர் என்பது கணவன் மனைவிக்குப் பட்ட கடன். அன்னிஸா அத்தியாயத்தின் நான்காம் வசனம் அதை மனமுவந்து கொடுத்துவிடுமாறு ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. கடன்பட்டவன் கடன் கொடுத்தவருக்கே பகட்டான பரிசொன்றை நீட்டி, கடனைப் பற்றி மட்டும் வாய் திறக்காமலிருப்பானாயின், அவனைக் கொடையாளி என்று எந்த ஊரிலாவது அழைப்பார்களா? கடைத்தெருவில் செல்லாத இந்த நியாயம் வீட்டுக்குள் மட்டும் அன்பு என்ற பெயரில் செல்லுபடியாகிறது.

அலீ (ரலி) அவர்களின் திருமணத்தை எண்ணிப் பாருங்கள். ஃபாத்திமாவுக்கு ஏதேனும் கொடுங்கள் என்று நபியவர்கள் சொன்னபோது, தம்மிடம் ஒன்றுமில்லை என்றார் அலீ. உம்முடைய ஹுதமிய்யா கவசம் எங்கே என்று நபியவர்கள் கேட்டார்கள். அபூதாவூதிலும் நஸாயீயிலும் உள்ள செய்தி இது. போருக்குச் செல்லும் ஒருவரின் உயிர்காக்கும் கவசம்! இருப்பதிலேயே பெறுமதியான பொருள் மஹருக்கு முதலில் சென்றது. நம் இளைஞர்களோ பெறுமதியான பொருளைக் கல்யாண நாளுக்கு ஒதுக்கிவிட்டு, மஹருக்கு ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று எழுதிக்கொள்கிறார்கள். நபியவர்கள் தம் மனைவியருக்கு அளித்த மஹர் ஐந்நூறு திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. ஷாஃபிஈ மத்ஹபில் மஹருக்குக் கீழ்வரம்பு இல்லை. ஹனஃபி மத்ஹபிலோ பத்து திர்ஹம், அதாவது 30 கிராமுக்குச் சற்று மேற்பட்ட வெள்ளி, கட்டாயம். இன்றைய வெள்ளி விலையில் ஆயிரத்தொன்று அந்த வரம்பைத் தொடுவதில்லை. அதற்குக் குறைவாக எழுதியிருந்தாலும் பத்து திர்ஹம் கொடுக்கவேண்டும் என்பதே ஹனஃபிகளின் சட்டம்.

பழைய பாக்கிகளின் நிலை இன்னும் வருத்தத்திற்குரியது. 1990-இல் 5,001 ரூபாய் மஹர் எழுதிய ஒருவர் அன்றே கொடுத்திருந்தால், அந்தப் பெண் ஒன்றரைப் பவுனுக்கு மேல் தங்கம் வாங்கியிருப்பாள். இன்று அதே 5,001 ரூபாய்க்கு ஒரு கிராம்கூட வாராது. இத்தனை ஆண்டுத் தாமதத்தின் நட்டம் முழுவதும் அவள் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளி விழாவுக்கு மனைவியின் கையில் சுவிஸ் கடிகாரம் கட்டி மகிழ்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

"அவள் எப்போதோ மன்னித்துவிட்டாளே" என்பார்கள். எப்போது மன்னித்தாள்? மேற்சொன்ன வசனம், அவர்களாகவே மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால் என்றுதான் நிபந்தனை வைக்கிறது. கணவரின் ஜனாஸாவைக் கூடத்தில் வைத்துக்கொண்டு, அழுது சோர்ந்திருக்கும் பெண்ணிடம் ஒரு மூதாட்டியை அனுப்பி, "மஹரை மன்னித்துவிடு தாயே" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. அந்த வேளையில் மறுக்கத் துணிபவள் யார்? அது மன்னிப்பன்று, சபைக்கு அஞ்சிய சம்மதம். ஷரீஅத்தின்படி, சொத்தை வாரிசுகள் பங்கிடுமுன் மற்றக் கடன்களோடு மஹரும் கழிக்கப்படவேண்டும். இதைச் செய்யாத குடும்பத்தில், ஒருகாலத்தில் அவளுக்குப் பரிசாக வந்த கடிகாரம் மகனின் கையிலோ மருமகளின் கையிலோ இருக்கும். அவளுடைய கடன் மட்டும் மண்ணுக்குள் சென்றிருக்கும்.

பரிசளிக்க ஆசைப்படுவோருக்கு நபிவழியில் அழகான வழி உண்டு. ஜாபிர் (ரலி) அவர்களுக்குத் தரவேண்டியதைத் தந்த நபியவர்கள், கூடுதலாகவும் தந்தார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. முன்கூட்டிப் பேசி வைக்காத அந்தக் கூடுதல் வட்டியாகாது. கடனை அழகிய முறையில் தீர்த்தலாகும். மஹர் பாக்கியை இன்றைய மதிப்புக்கு உயர்த்திக் கொடுங்கள். அந்தக் கூடுதல்தான் உங்கள் பரிசு. அவள் அதில் வாட்ச் வாங்குகிறாளா, தங்கம் வாங்குகிறாளா, மகளின் படிப்புக்கு வைக்கிறாளா என்பது அவள் விருப்பம்.

அடுத்து, பரிசுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கும் கடிகாரத்தைக் கையிருப்பில் வாங்குவோர் குறைவு. நோ காஸ்ட் இஎம்ஐ என்று கடைக்காரர் சொல்கிறார். நம் பிள்ளைகளும், "வட்டியில்லைதானே, ஹஜ்ரத்" என்கிறார்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்றே கிடையாது. வட்டி வேறு கட்டணங்களின் பெயரில் மறைக்கப்படுகிறது என்று 2013-இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. இத்திட்டத்தின் வழக்கமான நடைமுறை இதுதான்: வங்கி உங்களிடம் வட்டி வாங்குகிறது, அதே அளவு தொகையைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடி செய்கிறார். சந்தேகமிருந்தால் அட்டையின் மாதக் கணக்கை எடுத்துப் பாருங்கள். அசல் தனி, வட்டி தனி, அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்று வரிசையாக நிற்கும். வட்டிக்கு வரி கட்டிக்கொண்டே வட்டியில்லை என்று வாதிடுவதை என்னவென்பது! கடையில் உரிமையாளரிடமே நேரடியாக, விலையை உறுதிசெய்து, தாமதித்தால் அபராதம் என்ற நிபந்தனையின்றித் தவணையில் வாங்குவதை ஃபிக்ஹு அனுமதிக்கிறது. அப்படித் தர அவர் சம்மதித்தால் வாங்குங்கள்.

தவணை முடியும்வரை வேலை இருக்கும் என்று நமக்கு உறுதியளித்தவர் யார்? ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை இவ்வட்டாரம் மறந்திருக்காது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவர்களைத் தேடி மாதாமாதம் வந்த தவணை மட்டும் நிற்கவில்லை.

இன்னொரு வகைப் பரிசைப் பற்றிச் சொல்ல நமக்கே கூச்சமாயிருக்கிறது. சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி மின்னணு ஆலைகளில் நம் சமுதாயப் பெண்களும் சிலர் வேலைக்குச் செல்கிறார்கள். அவள் சம்பாத்தியம் அவளுக்கே உரியது. குடும்பச் செலவு கணவனின் பொறுப்பு. இதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை. அவளது ஏடிஎம் அட்டையைத் தன் பணப்பையில் வைத்துக்கொண்டு, அதே கணக்கிலிருந்து எடுத்து அவளுக்கு வாட்ச் வாங்கி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "என் மனைவிக்கு என் பரிசு" என்று போடுகிறவரும் இருக்கிறார்.

நம்மை மறுப்போர் எடுத்துவைக்கும் வலுவான ஆதாரம் ஒன்றுண்டு. அல்லாஹ் தன் அடியானுக்கு வழங்கிய அருளின் அடையாளம் அவன்மீது தெரிவதை விரும்புகிறான் என்ற கருத்துடைய ஹதீஸ். மெய்தான். ஆனால் இதே கருத்தை நபியவர்கள் எவரிடம் கூறினார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். ஒட்டகம், ஆடு, குதிரை என்று பெருஞ்செல்வம் இருந்தும் கந்தல் உடுத்தி வந்த ஒருவரிடம் கூறினார்கள். இருப்பதை மறைத்தவருக்குச் சொன்ன அறிவுரையை, இல்லாததைக் கடன் வாங்கிக் காட்டுகிறவர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்வது எப்படிப் பொருந்தும்? உலகில் புகழுக்காக ஆடை அணிந்தவருக்கு மறுமையில் இழிவின் ஆடை அணிவிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அபூதாவூதில் இருக்கிறது. எவரும் திரும்பிப் பார்க்காத ஒன்றுக்கு லட்சங்களைக் கொடுப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நேரத்தை ஆயிரம் ரூபாய்க் கடிகாரமும் சரியாகத்தான் காட்டுகிறது.

அசல் வாங்க இயலாதோர் "ஃபர்ஸ்ட் காப்பி" என்ற போலியைத் தேடிச் சென்னைக்குப் போகிறார்கள். என் கணவர் தராததைத் தந்ததாகச் சக்களத்தியிடம் காட்டிக்கொள்ளலாமா என்று ஒரு பெண் நபியவர்களிடம் கேட்டார். கொடுக்கப்படாததைக் கொண்டு நிறைவு காட்டுகிறவர் பொய்யின் இரண்டு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்று விடை வந்தது. போலி வாட்சுக்கென்றே வந்ததுபோல் இருக்கிறது இந்த ஹதீஸ்.

மனைவி கணவருக்கு வாங்குவதாயின் முதலில் உலோகத்தைக் கவனிக்கவேண்டும். தங்கம் இந்தச் சமுதாயத்தின் ஆண்களுக்கு ஹராம். ஒருவரின் விரலில் தங்க மோதிரத்தைக் கண்ட நபியவர்கள் அதைக் கழற்றி எறிந்தார்கள். அதை எடுத்து வேறு வகையில் பயன்படுத்திக்கொள் என்று மற்றவர்கள் சொன்னபோதும், அல்லாஹ்வின் தூதர் எறிந்ததை எடுக்கமாட்டேன் என்று அவர் மறுத்தார். முஸ்லிமில் உள்ள செய்தி இது. தங்கமுலாம் பூசியவற்றில் உலமாக்களிடையே ஆய்வு இருப்பினும், தவிர்ப்பதே பேணுதல். எஃகு, டைட்டானியம் எதுவும் தடையில்லை. பெண்வீட்டார் "மாப்பிள்ளை வாட்ச்" என்று அணிவிப்பதை இங்கே பரிசுக் கணக்கில் சேர்க்கவேண்டாம். இன்ன கம்பெனிதான் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லியனுப்பிய நொடியிலேயே அது கைக்கூலி ஆகிவிட்டது.

மனைவிக்குத் தங்கக் கடிகாரம் ஆகும். ஆனால் ஹனஃபி மத்ஹபில் அதன் தங்கமும் நகைகளோடு சேர்த்து ஸகாத் கணக்கில் வரும், நிஸாப் 87.48 கிராம், பதினோரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. கொடுத்த பிறகு அது அவளுடையது. சண்டை வந்தால் திருப்பிக் கேட்பதும், அவளைக் கேளாமல் அடகுக் கடைக்குக் கொண்டுபோவதும் கூடா. கொடுத்ததை மீட்பவனை, கக்கியதைத் தின்னும் நாய்க்கு நபியவர்கள் ஒப்பிட்டார்கள்.

ஜோடி வாட்ச் இல்லாமல் கல்யாண நாள் நிறைவடையாது என்ற எண்ணமும் நம் முன்னோர் அறியாதது. டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984-இல் உருவாக்கி, ஒசூரில் ஆலை கண்ட டைட்டன், கைக்கடிகாரத்தைப் பரிசுப் பொருளாக விளம்பரம் செய்த பிறகே இந்த எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியது. வணிகர் தம் வேலையைச் செய்தார், குற்றமில்லை. இப்போது சுவிட்சர்லாந்து முதலிய நான்கு நாடுகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்து, சுவிஸ் கடிகாரங்களின் இறக்குமதி வரியும் படிப்படியாகக் குறைந்து வருகிறது. ஆசை இன்னும் அருகில் வரும். மஹரை முடித்து, ஸகாத் கொடுத்து, பெற்றோரைப் பேணி, கையிருப்பில் வாங்கும் வசதியுள்ளவர் தம் மனைவிக்கு நல்ல கடிகாரம் வாங்கட்டும், நாம் தடுக்கமாட்டோம்.

மற்றவர்களுக்கும், ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் நம் வேண்டுகோள் ஒன்றுதான். நிக்காஹ் தப்தரை எடுத்து, பாக்கி என்று எழுதிய பக்கங்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். பெயரை அறிவிக்கவேண்டாம், கணவரைத் தனியே அழைத்துத் தொகையை மட்டும் சொல்லுங்கள். கொடுத்தவர்க்கு, மனைவியின் கையொப்பம் பெற்று அதே பக்கத்தில் தேதியிட்டுத் தாருங்கள். ஜமாஅத் அழைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தப்தர் பள்ளிவாசல் அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது. லுஹருக்குப் பின் எவரும் வந்து தம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.