இருக்கும் வண்டியே போதும்!

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே நீண்டு கிடக்கும் வாவியைச் சூழ வாழும் நமக்குத் துவிச்சக்கர வண்டி ஆடம்பரமன்று. அன்றாடப் பிழைப்பின் துணை. 2022 ஆம் ஆண்டிலே, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என அரசு அளந்து கொடுத்தபோது நம்மைச் சுமந்தது எது? மூலையிற் கிடந்த அந்தப் பழைய வண்டியே அன்றோ!

இன்று அதனை விற்றுவிட்டு, கடன்பட்டேனும் புதிய மின்சைக்கிள் வாங்குக என்கின்றனர் சிலர். ஏன் வாங்க வேண்டும்? நமது நிலம் மேடு பள்ளமற்ற சமநிலம். சில்லின் நடுவே பொருத்தும் 250 உவாற்று மோட்டார் இங்கே போதும். 36 உவோற்று, 10 அம்பியர்-மணி பற்றரியை நிரப்ப ஏறக்குறைய அரை அலகு மின்சாரமே செலவாகும். பூட்டுங் கூலியும் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரின் கையிலேயே தங்கும்.

உப்புக்காற்றில் வண்டி அரித்துப் போயிருப்பின் புதிது வாங்குக, மறுக்கோம். பிறேக் உறுதியற்ற வண்டியில் மோட்டார் பூட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

அரசை நாம் கேட்பது ஒன்றே: எந்த வலுவரை அது துவிச்சக்கர வண்டி? எதற்கு மேல் மோட்டார் வாகனம்? மிதிக்கும்போது மட்டும் துணைசெய்யும் 250 உவாற்று மோட்டார், மணிக்கு 25 கிலோமீற்றர் என ஐரோப்பிய ஒன்றியம் எல்லை வகுத்துள்ளது. நம் நாட்டு விதியைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒட்டுக! சட்டம் அறியாமை குடிமகனுக்கு மன்னிப்பாகாது என்பர். அறிவியாமை மட்டும் அரசுக்கு மன்னிப்பாகுமோ?