பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

பழைய மோட்டார் சைக்கிளை மீட்டு ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் எங்கள் வட்டாரத்தில் பெருகியிருக்கிறார்கள். கொட்டகையில் கிடந்த அப்பாவின் புல்லட், மாமா விட்டுப்போன யெஸ்டி, அண்ணன் காலேஜுக்கு ஓட்டிய ஆர்எக்ஸ் 100. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இவர்களில் பலர், வண்டி கைக்கு வந்த முதல் வாரமே அதை அக்கக்காகப் பிரித்து, டேங்கையும் மட்கார்டையும் பெயின்ட் பட்டறைக்கும் சைலன்சரைக் குரோம் போடவும் அனுப்பிவிடுகிறார்கள். இன்ஜின் ஓடுமா என்றே அப்போது தெரியாது. இந்த வரிசை தவறு. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர் முதலில் வண்டியை ஓடவைக்க வேண்டும். அதுவும் முடிந்தவரை அதனுடைய பழைய பாகங்களை வைத்தே. பெயின்ட் கடைசி வேலை. பல வண்டிகளுக்கு அது தேவையே இல்லை.

நான் விழுப்புரத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். மெக்கானிக் வேலை என் தொழில் அல்ல. பெரியப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். அவர் 1984-இல் வாங்கிய புல்லட் 350, அவர் போன பிறகு மாட்டுக்கொட்டகையில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் ஊர் மெக்கானிக் பாயின் துணையோடு நானே ஓடவைத்தேன். பெயின்ட் என்ன கலர் என்றுதான் நானும் முதலில் அவரிடம் பேச்செடுத்தேன். "தம்பி, முதல்ல அது மூச்சு விடட்டும். சட்டை அப்புறம் தச்சுக்கலாம்" என்றார். எழுபதைத் தாண்டிய மனிதர், பாயின்ட் இடைவெளியைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர். அவர் சொன்னதன் முழு நியாயமும் எனக்கு வேலை நடக்க நடக்கத்தான் விளங்கியது.

புல்லட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: உதிரிபாகம் அளவுக்கு மீறிக் கிடைக்கிறது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970-இல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடிப்போன பிறகும் இங்கே அதே வார்ப்பிரும்பு இன்ஜின், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி என்று 2010 வாக்கு வரை தொடர்ந்து வந்தது. அதனால் சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனால் ஒரே மாலையில் ஏறக்குறைய முழு வண்டியையும் புதிதாக வாங்கி மூட்டை கட்டி வந்துவிடலாம். புதிது சுலபமாகக் கிடைப்பதால்தான் பழையது காயலான் கடைக்குப் போகிறது. ஆர்எக்ஸ் 100-ஐ வைத்திருப்பவர்களைப் பாருங்கள். 1996-உடன் உற்பத்தி நின்றுவிட்டதால் ஒரு பழைய மீட்டர் மூடியைக்கூடப் பத்திரப்படுத்துகிறார்கள். அந்தக் கவனம் புல்லட்காரர்களுக்கும் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தன் அப்பாவின் வண்டியைப் பழைய வண்டிகளைப் புதுப்பிப்பதற்கென்றே உள்ள ஒரு கடையில் விட்டார். திரும்பி வந்தபோது வண்டி பளபளவென்று இருந்தது. டேங்க் புதிது, ஹெட்லைட் கூடு புதிது, சீட் புதிது, கேபிளிலிருந்து கிளிப் வரை புதிது. பழையதெல்லாம் எங்கே என்று கேட்டார். கழிவில் போட்டாயிற்று என்றார்கள். அவர் கொடுத்தது ஒரு வண்டி, வாங்கி வந்தது வேறொரு வண்டி. சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் மட்டும்தான் மிச்சம். அந்தப் பணத்துக்கு அவர் ஒரு நல்ல புது வண்டியே வாங்கியிருக்கலாம்.

பெரியப்பா வண்டியில் வலது பக்க க்ராஷ் கார்டில் கயிறு உராய்ந்து உராய்ந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. மூங்கில் ஏணியை அங்கேதான் கட்டுவார். புயல் காலத்தில் திண்டிவனம் பக்கமெல்லாம் அந்த ஏணியோடு அலைந்திருக்கிறார். டேங்கின் இரண்டு பக்கமும் முட்டி பட்ட இடத்தில் கறுப்பு மங்கி அடிப்பூச்சு தெரிகிறது. டேங்கில் ஓடும் தங்கக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையால் இழுக்கிற கைவேலைக்குப் பெயர் போனது திருவொற்றியூர் ஆலை. அப்படிப்பட்ட ஒரு கோட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அது போனது போனதுதான். அதனால் டேங்கின் மேல் மெழுகு போட்டுத் துடைத்தேன், அவ்வளவுதான். துரு ஏறிய இடங்களில் மட்டும் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்தேன்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் அது அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. என் வண்டிக்கு அந்த வயது 2034-இல் வரும். இன்றைக்கு ஹேண்டில்பாரை மாற்றி, பின்பக்கத்தை அறுத்து ‘பாபர்’ ஆக்குகிறவர்கள் அன்றைக்கு அந்த வரிசையில் நிற்க முடியாது.

காகிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி.யைத் தொடுங்கள். அதிலுள்ள எண்களும் இரும்பில் பொறித்த எண்களும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழும் படிவம் 31-ம் வேண்டும். என் பெரியம்மாவும் அண்ணன்களும் மனமுவந்து கையெழுத்துப் போட்டார்கள். எல்லா வீட்டிலும் இது அவ்வளவு எளிதல்ல, அதனால் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. 15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய பைக்குக்கு அதற்கான கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். ஆர்.சி. இல்லாத வண்டியில் எவ்வளவு உழைத்தாலும் அதைத் தெருவில் இறக்க முடியாது.

இனி இன்ஜின். வருஷக்கணக்கில் நின்ற வண்டியின் கிக்கரை ஏறி மிதிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கூடாது. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி விட்டுவிட வேண்டும். சில நாள் ஊறட்டும். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைக்க வேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போதும், மீதி தானாக வரும். சுத்தியல் எடுத்தவர்கள் பிஸ்டனை உடைத்திருக்கிறார்கள்.

அடுத்து ஆயில். இந்த இன்ஜினில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க் கேஸோடு ஒட்டியே இருக்கிறது. நின்ற வண்டியில் அந்த ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கித் தேங்கிவிடும். அடியிலுள்ள நட்டுகளை எல்லாம் திறந்து முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். இன்ஜின் முதன்முதலாக ஓடும்போது, மேலே ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிந்து வந்தால் பம்ப் வேலை செய்கிறது. வரவில்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

என் கடை எனக்குக் கைகொடுத்த இடங்கள் இரண்டு. மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறைகள்: கழற்றிய ஒவ்வொரு நட்டையும் வாஷரையும் அதில் போட்டு, எங்கிருந்து எடுத்தது, எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று மேலே எழுதினேன். இன்னொன்று சிரிஞ்ச். கார்பரேட்டரின் பைலட் ஜெட் துளை முடிபோல மெல்லியது. அதில் இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி, பிறகு ஐட்லிங் நிற்கவே நிற்காது. சிரிஞ்சில் கார்ப் கிளீனர் ஏற்றி ஒரு பக்கம் பீய்ச்சினால், மறுபக்கம் நேர்க்கோடாகத் தெறிக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர் விஷயத்தை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. அந்தக் காலத்துப் புல்லட்டில் பல இடங்களில் இங்கிலாந்தின் இஞ்சுக் கணக்கு மரைகள்தான். 1/4 விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. அந்த நட்டில் 13-ஆம் நம்பர் நுழையாது, 14 ஆடும். ஆடுகிற ஸ்பேனரைப் போட்டு அழுத்தியதால் மூலை மழுங்கிப்போன நட்டுகள் ஊரெங்கும் இருக்கின்றன. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பழைய விட்வொர்த் செட் கிடைக்கும். குரோம் போடச் செலவழிக்கும் பணத்தை அதற்குச் செலவழியுங்கள்.

புல்லட் தொடங்குகிறவருக்கு ஏற்ற வண்டி என்பேன். அதன் கோளாறுகளைக் கையால் தொட்டுப் பார்க்க முடிகிறது. டேப்பட் சரியாக இருக்கிறதா என்று அறிய மீட்டர் வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்க, சிலிண்டர் அடியில் வலது பக்க மூடியைத் திறந்து புஷ்ராடை விரலால் உருட்டுங்கள். தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.; அதற்கு மட்டும் ஒரு ஃபீலர் கேஜ் வாங்குங்கள். ஸ்டார்ட் செய்வதிலும் அப்படித்தான். ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே தள்ளி, விட்டு, முழு வீச்சில் ஒரு மிதி. உள்ளே பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அந்த முள் உங்களுக்குச் சொல்கிறது.

பழையதை வைத்திருங்கள் என்று நான் சொல்வது உயிரோடு விளையாடுவதற்கு அல்ல. டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள், பெட்ரோல் குழாய் இவற்றில் இரக்கமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. அந்த எண்ணே இல்லாத டயர் என்றால் இன்னும் பழையதாக இருக்கலாம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பட்டறைகளில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

பெட்ரோலும் ஒரு கவலை. இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பரையும் கேஸ்கட்டையும் கெடுக்கும். தினமும் ஓடாத வண்டியில் டேங்க் துருப்பிடிக்க இது வழி. மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். எத்தனால் குறைந்த பெட்ரோலைச் சாதாரண விலையில் மாவட்டத்துக்கு ஒரு பம்பிலாவது எண்ணெய் நிறுவனங்கள் தர வேண்டும். கிராமங்களில் பால் கேன் ஏற்றிப் பிழைப்பு நடத்துகிறவர்களின் பழைய வண்டிகளுக்கும் இது வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமான விஷயம் மனிதர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய பைக்குகளில் கார்பரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பாயின்ட் அதற்கும் முன்பே போய்விட்டது. இன்று வேலைக்கு வரும் பையன் சென்சார் பார்ப்பான். கண்டென்சர் என்றால் அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆக, இந்த அறிவு பாய் போன்ற முதியவர்களின் விரல்களில்தான் மிச்சமிருக்கிறது. அவர்களிடம் வண்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். கற்றுக்கொடுப்பதற்கென்று தனியாகக் கூலி கொடுங்கள், நான் கொடுத்தேன். அவர் வேண்டாமென்றுதான் சொன்னார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அவர் டேப்பட் வைக்கும்போது போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அரசு ஐ.டி.ஐ.களில் வார இறுதியில் ஒரு வகுப்பு நடத்தலாம். பாடம் நடத்த இந்த மெக்கானிக்குகளையே மதிப்பூதியம் கொடுத்து அழைக்கலாம்; படிப்புச் சான்றிதழ் கேட்கக் கூடாது. விழுப்புரத்தில் அப்படி ஒரு வகுப்பு தொடங்கினால், மாணவர்கள் பிரித்துப் பார்க்க என் வண்டியைத் தருகிறேன்.