சிரித்தாலும் யுத்தமாம்!

ஒரு மனிதர் மகளோடும் மருமகனோடும் சிறுமலைக்குச் சுற்றிப் பார்க்கப் போனார். மலையைப் படம் பிடித்தார். துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று வேடிக்கையாக ஒரு வரி சேர்த்துப் பேஸ்புக்கில் போட்டார். அவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மா-லெ) ஊழியர். போதாதா? வாடிப்பட்டி போலீசார் பாய்ந்தார்கள். சர்க்காருக்கு எதிராக யுத்தம் தொடுக்க ஆயுதம் திரட்டினாராம், பிரிவு 122! சதியாம், 120பி! சொந்தப் பெயரில் எழுதியவர் மீது, பெயரை மறைத்து மிரட்டியதாக 507! துப்பாக்கி எங்கே? துப்பாக்கியும் இல்லை, தோட்டாவும் இல்லை.

அவருடைய கட்சியோடு நமக்குத் தகராறு உண்டு. அது வேறு கணக்கு.

வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் அவரைக் காவலில் வைக்க மறுத்தார். 2021 டிசம்பரில் ஐக்கோர்ட் மதுரைக் கிளை வழக்கையே ரத்து செய்தது. சிரிப்பதையும் அரசியல் சட்டத்தில் ஒரு கடமையாகச் சேர்க்கலாமே என்று நீதிபதி கேலியாக எழுதினார். நல்ல தீர்ப்புதான். ஆனால், தோழர்களே, இந்தப் பொய் வழக்கைப் புனைந்தவர்களுக்கு என்ன நஷ்டம்?

நெல்லையைப் பாருங்கள். 2017 அக்டோபர் 23. கந்துவட்டிக் கொடுமைக்கு மனுமேல் மனு கொடுத்தும் நியாயம் கிடைக்காத ஒரு கூலிக் குடும்பம், இரண்டு பிஞ்சுக் குழந்தைகளோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் தீயில் கருகியது. குழந்தை எரிகிறது, முதலமைச்சரும் கலெக்டரும் போலீஸ் கமிஷனரும் நோட்டுக்கட்டால் மானத்தை மறைக்கிறார்கள் என்று கார்ட்டூனிஸ்ட் பாலா படம் போட்டார். கலெக்டர் புகார் கொடுத்தார். நெல்லையிலிருந்து சென்னைக்குப் போய் நவம்பர் 5 அன்று பாலாவைப் பிடித்து வந்தது போலீஸ். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. வழக்கு ஒழிந்ததோ 2021இல்தான்!

அதிகாரியின் மானம் போகிறதே என்கிறார்கள். மனுவைக் கிடப்பில் போட்டபோது போகாத மானமா?

தண்டனை வாங்கித் தருவது அவர்கள் நோக்கமல்ல, வழக்கேதான் தண்டனை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மில் தொழிலாளிக்கு ஒரு ஷிப்டு போகும். நடவுக் கூலிக்காரருக்கு அன்றைய அடுப்பே எரியாது. ஜாமீனுக்கு ஆள், வக்கீலுக்குப் பணம், பஸ் சத்தம்! தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ செல்லாது என்று 2015 மார்ச் 24 அன்றே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் போலீஸ் அதில் வழக்குப் போட்டுக்கொண்டிருப்பது கண்டு 2021இல் அதே கோர்ட் அதிர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய 122 இப்போது 149.

ஆகவே சர்க்கார் ஆபீசைக் கேலி செய்யும் நம் வாலிபர்கள் விவரமாகச் செய்ய வேண்டும். ஆபீசின் பெயரில் போலிப் பக்கம் போட்டால் இது கேலி என்று தலையிலேயே எழுதுங்கள். சிங்க முத்திரையைத் தொடாதீர்கள். அதற்கென்றே 2005இல் ஒரு சட்டம் உண்டு. நிஜ ஆபீஸ் என்று நம்பவைத்துக் காசு பிடுங்குவது கேலியல்ல, மோசடி. 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. அவனுக்காக நாம் வாதாட மாட்டோம்.

மற்றபடி போலீஸ் செல்போனைக் கேட்டு வந்தால் தனியாக ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள், நாலு பேரோடு போங்கள், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பொய் வழக்கு ரத்தானால், இழந்த கூலியை வழக்குப் போட்ட அதிகாரியின் சம்பளத்தில் பிடித்துக் கொடு என்று ஒவ்வொரு மில் வாசலிலும் தீர்மானம் போடுவோம்.