கிணற்று நீரைச் சோதிப்பது யார்?

குழாய் நீரைச் சோதிப்பது சர்க்காரின் வேலை. கிணற்றைத் தூர் வாருவது வீட்டுக்காரரின் வேலை. இவ்விதம் நம் ஜனங்கள் நெடுநாளாய் வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்பங்கீட்டில் ஒரு காரியம் மட்டும் ஒருவர் தலையிலும் விழாமல் நழுவிப்போயிற்று. வீட்டுக் கிணற்றின் நீர் குடிக்கத் தக்கதா, அன்றா என்று பரீக்ஷித்துச் சொல்லுவது யார்? திருவொற்றியூரைச் சேர்ந்த காலடிப்பேட்டையை முன்னிட்டு இக்கேள்வியை இன்று எழுப்ப விரும்புகிறோம்.

காலடிப்பேட்டை நேற்று முளைத்த ஊரன்று. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோஸப் காலெட்டின் காலத்தில் நெசவாளருக்கென ஏற்பட்ட குடியிருப்பு அது. காலெட் பேட்டை என்ற பெயரே ஜனங்களின் வாயில் காலடிப்பேட்டையாயிற்று. இன்று அதன் கிழக்கே கடல், மேற்கே மணலியின் ஆலைகள், வடக்கே எண்ணூர், தெற்கே எண்ணெய்க் குழாய்கள் புதைந்து கிடக்கும் தண்டையார்பேட்டை. நடுவே, இடுக்கமான மனைகளில் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் சில முழ இடைவெளியில் அமைந்திருக்கின்றன.

இத்திசைகளிலிருந்து வரக்கூடிய கேடு வெறுங் கற்பனையன்று. மீஞ்சூர்ப் பக்கத்து ஊற்றுக்களில் கடல் நீர் புகுந்திருப்பது 1969-ஆம் வருஷ வாக்கிலேயே கண்டறியப்பட்டது. 2009-ஆம் வருஷத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியை மிகக் கடுமையாய் மாசடைந்த பிரதேசங்களின் வரிசையில் சேர்த்தது. 2013-ஆம் வருஷத்தில் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியிலுள்ள குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து, வீடுகளின் நிலத்தடி நீரில் கலந்தது. அவ்வீட்டார் செய்த குற்றம் யாது? தங்கள் மனையில் நீர் இறைத்தது ஒன்றே.

தன் நிலத்தடியிலுள்ள நீரை இறைத்துக்கொள்ளும் உரிமையை 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம் நிலத்துக்குரியவருக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் நீர் மதிற்சுவரை அறியாது. கடலோர நிலத்தில் நல்ல நீர், உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலுள்ள நல்ல நீரின் மட்டம் 1 அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உப்பு நீர் ஏறக்குறைய 40 அடி மேலேறக்கூடும் என்பது சாஸ்திரிகள் கண்ட கணக்கு. ஆகவே ஒருவர் இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்தால் அடுத்த வீட்டுக் கிணறு கரிக்கும். ஒருவருடைய தொட்டி கசிந்தால் மற்றொருவருடைய குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டாகும். கிணறு தனியாருடையது, ஊற்று ஊருடையது. ஊர்ச் சொத்தைக் காவல் செய்யும் கடமை ஊரை ஆள்வோரைச் சார்ந்ததன்றோ?

“எங்கள் கிணற்று நீர் கற்கண்டு போலிருக்கிறது, சோதனை எதற்கு?” என்று கேட்போர் உண்டு. நாவு உப்பை அறியும். மூக்கு எண்ணெயை அறியும். ஈயத்தையும் நைட்ரேட்டையும் மலக்கிருமியையும் அறியும் புலன் மனிதனுக்கு இல்லை. 1854-ஆம் வருஷத்தில் லண்டனில் பிராட் தெருப் பம்பின் நீரால் காலரா பரவியதை டாக்டர் ஜான் ஸ்நோ நிரூபித்தார். அந்நீரின் ருசியை விரும்பி, தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டுக்கு அதைத் தருவித்துக் குடித்த ஒரு மாது அந்நோயால் மாண்டாள். ருசி அவளைக் காக்கவில்லை.

காய்ச்சிக் குடித்தால் போதும் என்பதும் பாதி உண்மையே. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு மிகும். ஆறு மாதம் நிரம்பாத சிசுவின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாமற் செய்து, உடலை நீலம் பாரிக்கச் செய்வது இந்த நைட்ரேட்டே. குழந்தையின் நன்மைக்கென்றே தாய் காய்ச்சிப் பால் கரைக்கும் நீர், அவள் அறியாமலே அதற்குத் தீங்காகலாம். ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது, 100 மில்லி நீரில் மலக்கிருமி ஒன்றேனும் காணப்படலாகாது என்று 2012-ஆம் வருஷத்திய இந்தியக் குடிநீர்த் தரம் கூறுகிறது. ஏட்டிலுள்ள அவ்வளவு காலடிப்பேட்டைத் தாய்க்கு எட்டுவது எப்போது?

சோதனைச்சாலைகள் இல்லாமலில்லை. கிண்டியில் 1899-ஆம் வருஷத்தில் தோன்றிய கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைச்சாலைகளும் இருக்கின்றன. ஆனால் கூலிவேலை செய்பவர் ஒரு நாட் கூலியை இழந்து, கட்டணமும் செலுத்தி, புட்டியுடன் அங்கே போவாரென எதிர்பார்ப்பது நியாயமன்று. சோதனைதான் ஜனங்களைத் தேடி வரவேண்டும். மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையுமாக, ஒவ்வொரு தெருவிலும் கிணறுகளின் நீரைக் கார்ப்பொரேஷனும் குடிநீர் வாரியமும் இலவசமாய்ச் சோதிக்கவேண்டும். முடிவை எளிய தமிழில் தெருமுனையில் எழுதி ஒட்டவேண்டும்.

முடிவு வெளியானால் வாடகை குறையுமே என்று சில வீட்டுக்காரர் அஞ்சலாம். மறைத்து வைத்த நோய் மருந்துக்கு அடங்காது. குடியிருப்பவரிடம் வாடகை வாங்குவோர், அவர் குடிக்கும் நீர் இன்னதென்று சொல்லக் கடமைப்பட்டவர். கிணற்றை மூடி வைத்தல், தொட்டியின் கசிவை அடைத்தல், 2003-ஆம் வருஷத்துச் சட்டப்படி கட்டிய மழைநீர்க் குழியைத் தூர்ந்துபோகாமற் காத்தல் ஆகியவை அவர்கள் கையிலுள்ள காரியங்கள். இவற்றிற்குச் சர்க்காரை எதிர்பார்த்து நிற்க வேண்டுவதில்லை.

கோட்டையிலிருந்தோருக்கு நல்ல நீர் வேண்டுமென்று கம்பெனியார் 1772-ஆம் வருஷத்திலேயே ஏழு கிணற்றிலிருந்து நீர் கொண்டுபோக ஏற்பாடு செய்தனர். கோட்டையின் தாகத்திற்கு அந்நியர் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையேனும், குடிகளின் தாகத்திற்கு நம்மவர் ஆட்சி காட்டலாகாதா? அடுத்த மழைக்கு முன்னரே காலடிப்பேட்டையில் முதற் புட்டியை நிரப்புமாறு அதிகாரிகளை வற்புறுத்துகிறோம்.