நிதியங்கள் காட்டும் இலாபக் கணக்கு

வங்கிகளில் நிலையான வைப்புகளுக்கான வட்டி வீழ்ச்சியடைந்ததைத் தொடர்ந்து, யூனிட் ட்ரஸ்ட் எனப்படும் அலகு நம்பிக்கை நிதியங்களை நாடுவோர் தொகை பெருகியுள்ளது. ஓய்வுபெற்ற ஆசிரியர் தமது பணிக்கொடையையும், வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தைத் தாயொருவரும் இவற்றில் இடுவதை இன்று காண்கிறோம். சிறு தொகையையும் பல பங்குகளிலும் பிணையங்களிலும் பரப்பி முதலிட இது ஏற்றதொரு வழியே. எனினும், இட்ட பணம் உண்மையில் வளர்கின்றதா என்பதைக் கணிப்பது எவ்வாறு என்ற கேள்விக்குப் பலரிடம் விடை கிடையாது. கணக்குக்கூற்றில் சென்ற ஆண்டிலும் பார்க்கப் பெரியதொரு தொகையைக் கண்டதும் மனநிறைவு கொண்டுவிடுகின்றனர்.

அந்த மனநிறைவு எவ்வளவு ஆபத்தானது என்பதை 2022ஆம் ஆண்டு எமக்குக் கற்பித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. நூறு ரூபாவை நூற்றிருபதாக்கித் தந்த நிதியம்கூட அக்காலத்தில் முதலீட்டாளரின் கொள்வனவுச் சக்தியைக் காப்பாற்றவில்லை. மறுபுறம், விலைகள் வீழ்ச்சியடைந்திருந்த 2024 இறுதியில் 8 சதவீத வருமானமே நல்ல வருமானமாயிற்று. ஆகவே, பணவீக்கத்தைக் கழிக்காத எந்த வீதமும் அரைகுறைக் கணக்கேயாகும்.

அடுத்து, எந்தத் தினத்திலிருந்து கணக்கிடுவது என்ற வினா எழுகின்றது. விளம்பரங்களின் சூட்சுமம் பெரும்பாலும் இங்குதான் இருக்கின்றது. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச்சுட்டெண் 2021 இறுதியில் 12,226 ஆக இருந்தது. 2022 இறுதியில் அது 8,489 ஆகச் சரிந்து, 2024 இறுதியில் 15,944 ஆக உயர்ந்தது. 2022 இறுதியிலிருந்து எண்ணுபவர் இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 88 சதவீத வளர்ச்சியைக் காட்டலாம். ஓராண்டு முன்னதாக எண்ணத் தொடங்கினால் மூன்றாண்டு வளர்ச்சி 30 சதவீதம் மாத்திரமே. அந்த மூன்றாண்டுகளில் நுகர்வோர் விலைகளோ சுமார் 60 சதவீதம் ஏறியிருந்தன. பங்கிலாபத்தைச் சேர்த்துக்கொண்டாலும், 2021 இறுதியில் சந்தையில் நுழைந்த சராசரி முதலீட்டாளர் 2024 இறுதியிலும் நட்டத்திலிருந்து முற்றாக மீண்டிருக்கவில்லை என்றே கருதவேண்டியுள்ளது. இரு கணக்குகளும் பொய்யல்ல; ஒன்று மட்டுமே விளம்பரத்துக்கு உதவும்.

நிதிய முகாமையாளரின் திறமையை அளப்பதற்கும் தனியானதோர் அளவுகோல் வேண்டும். 2024இல் அனைத்துப் பங்கு விலைச்சுட்டெண் ஏறத்தாழ 50 சதவீதம் உயர்ந்தது. அவ்வாண்டில் 30 சதவீதம் ஈட்டிய பங்கு நிதியமொன்று தனது அலகுதாரர்களை மகிழ்வித்திருக்கலாம். ஆனால் சந்தையோடு ஒப்பிடுகையில் அது பின்தங்கிய நிதியமாகும். 2022இல் சந்தை 30 சதவீதத்துக்கு மேல் சரிந்தபோது, 15 சதவீதம் மட்டும் இழந்த நிதியத்தின் முகாமையாளரோ பாராட்டுக்குரியவர். பங்கு நிதியத்தைப் பங்குச் சுட்டெண்ணோடும், பணச்சந்தை நிதியத்தைத் திறைசேரி உண்டியல் வீதத்தோடும் ஒப்பிடுவதே முறை. வங்கிச் சேமிப்புக் கணக்கின் வட்டியைப் பக்கத்தில் வைத்துக்காட்டினால் எந்த நிதியமும் அழகாகத்தான் தெரியும்.

பணச்சந்தை நிதியங்களில் இன்னுமொரு மயக்கம் உண்டு. 2022இன் பிற்பகுதியில் 91 நாள் திறைசேரி உண்டியல் வீதம் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2024 முடிவில் அது 9 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. நெருக்கடிக்கால வீதங்களால் கிடைத்த இலாபத்தைப் பார்த்துப் பின்னர் நுழைந்தவருக்கு அதே இலாபம் கிட்டியிருக்க முடியாது. முகாமைக் கட்டணமோ இலாபமிருப்பினும் இல்லாவிடினும் நிதியத்திலிருந்தே கழிக்கப்படுகின்றது. அலகின் விலையில் அது ஏற்கனவே அடங்கிவிடுவதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு இவ்விடயத்தில் கூடுதல் கண்டிப்புடன் நடந்துகொள்ள வேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு வருமானங்களை உரிய சுட்டெண்ணுடனும் பணவீக்கத்துடனும் அருகருகே, கட்டணம் கழித்து, மூன்று மொழிகளிலும் வெளியிடும்படி நிதியங்கள் பணிக்கப்பட வேண்டும் என்பது எமது கோரிக்கை. அத்தகைய ஓர் அட்டவணை இருந்தால் சாதாரண வாசகரும் ஐந்து நிமிடத்தில் தீர்மானத்துக்கு வரலாம்.

ஒரு நிதியம் தொடர்ந்து பின்தங்கினால் அலகுதாரர் அதனை விட்டு விலகலாம். ஊழியர் சேமலாப நிதிய அங்கத்தவருக்கு அந்த வசதியும் கிடையாது. 2022ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது 9 சதவீதம். அவ்வாண்டு டிசெம்பரில் பணவீக்கம் 57.2 சதவீதம். 2023ஆம் ஆண்டுக்கு 13 சதவீதம் வழங்கப்பட்டபோதிலும் இழந்த பெறுமதி திரும்பவில்லை. நிதியங்களிடம் நாம் கேட்கும் அதே அட்டவணையை, இந்நாட்டுத் தொழிலாளரின் மிகப் பெரிய சேமிப்பை நிர்வகிக்கும் மத்திய வங்கியும் ஆண்டுதோறும் ஒவ்வோர் அங்கத்தவருக்கும் அனுப்பிவைப்பதில் என்ன தடை இருக்கமுடியும்?